சுருளுக்கு இட்ட மாலை

மாலையைக் கழற்றிய பிறகும் மாலை அங்கேயே இருந்தது. வாடிய மல்லிகைச் சரம் யார்ட் முதலாளி ஸ்ரான்லியின் கையில் தொங்கிக்கொண்டிருக்க, எதிரே நின்ற எஃகுச் சுருளின் மேல், பூவுக்குப் பூ, நாருக்கு நார், அதே மாலை செம்பழுப்பு நிறத்தில் பதிந்து கிடந்தது. அதைச் சுற்றி அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னப் புள்ளிகள். அவை பாதர் தெளித்த தீர்த்தம். நடுவில் பெருவிரல் அளவில் ஒரு வட்டம். அது மேற்பார்வையாளர் சிவானந்தன் இட்ட சந்தனம். பாய் சுருட்டுவது போலச் சுருட்டி, நெஞ்சளவு உயரத்தில் கடல் கடந்து வந்திருந்த அந்த மெல்லிய எஃகுத் தகட்டை வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு சமயங்களும் சேர்ந்து ஆசீர்வதித்திருந்தன. இடையில் சனி, ஞாயிறு, திங்களன்று பௌர்ணமிப் போயா விடுமுறை. இன்று செவ்வாய். ஆசீர்வாதம் நன்றாகப் பிடித்திருந்தது.

அந்த யார்ட் கொட்டாஞ்சேனையில், துறைமுகத்து உப்புக்காற்று நேரே வந்து விழும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. பல வருடங்களாக அங்கே கூரைப் பீலித் தகடும் வாளித் தகடும் வெட்டினார்கள். மருதானை கராஜ்காரர்கள் உக்கிப்போன வான்களின் அடித்தட்டுக்கு ஒட்டுப்போட அங்கேதான் தகடு வாங்கினார்கள். போன வருடம்தான் ஸ்ரான்லி புதிய பெயர்ப்பலகை மாட்டினார். அதில் 'இன்டர்நேஷனல்' இருந்தது, 'ஒட்டோமோட்டிவ்' இருந்தது, 'சொலூஷன்ஸ்' இருந்தது. அதை ஒரே மூச்சில் வாசிக்க ஆஸ்துமா இல்லாத ஆள் வேண்டும்.

பெயர்ப்பலகைக்குப் பிறகு மேடையும் கிடைத்தது. 'கார் உற்பத்தியாளருக்கு எஃகு வழங்கும் தொழிற்துறை: சவால்களும் வாய்ப்புகளும்' என்று கடற்கரையோர ஹோட்டல் ஒன்றில் சில மாதங்களுக்கு முன் ஒரு கருத்தரங்கு. சவால்களைப் பற்றி முற்பகல் முழுக்கப் பேசினார்கள். கார் மெலிய வேண்டுமாம், ஆனால் எஃகு பலக்க வேண்டுமாம். பெரிய ஆலைகள் சின்ன நாட்டின் சின்ன ஓடரைத் திரும்பியும் பார்ப்பதில்லையாம். வாய்ப்புகள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தன. அவற்றைக் கேட்க அரைவாசிப் பேர் இருக்கவில்லை, இருந்தவர்களில் அரைவாசிப் பேர் விழித்திருக்கவில்லை. அந்த நேரத்தில்தான் ஸ்ரான்லி கோட்டும் டையுமாக மேடையேறி, துருப்பிடிக்காமல் எஃகின் மேல் ஆலையில் பூசப்படும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தைப் பற்றி உருக்கமாகப் பேசினார். அந்த எண்ணெய்தான் எஃகின் தோல், அதை விரலாலும் தீண்டாதீர்கள் என்று முடித்தார். முன்வரிசையில் ஒரு இளைஞன் கைதட்டினான். ரிஸ்கான் என்று பெயர், கார் பொருத்தும் கொம்பனி ஒன்றின் தரப் பரிசோதகன்.

அந்தக் கைதட்டலில் இருந்து வந்ததுதான் இந்தச் சுருள். வாகன இறக்குமதிக்குத் தடை இருந்த வருடங்களில் இங்கேயே பொருத்திய கார்கள் விற்பனையில் நன்றாக ஓடின. தடை நீங்கியதும் கப்பலில் புதுக் கார்கள் வரத் தொடங்க, கொம்பனிக்குச் செலவைக் குறைக்கும் அவசரம் வந்துவிட்டது. கதவின் உட்தகட்டை உள்ளூரில் வெட்டித் தர முடியுமா என்று கேட்டார்கள். ஒரு சுருள் பரீட்சைக்கு. தேறினால் ஒவ்வொரு மாதமும் ஓடர். தேறாவிட்டால் வெளிநாட்டிலேயே வெட்டுவித்து எடுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பரீட்சையின் வாலில் டில்ஷானி கட்டப்பட்டிருந்தாள். ஸ்ரான்லியின் ஒரே மகள். பொறியியல் படித்துவிட்டு, வெள்ளவத்தையில் சிநேகிதியோடு ஒரு அறையில் இருந்தபடி, தகப்பனின் யார்டில் வேலை பார்க்கிறாள். மெல்பேர்ன் கொம்பனி ஒன்று அவளுக்கு வேலை தந்து, இந்த வாரத்துக்குள் பதில் கேட்டிருந்தது. பீலித் தகடு வெட்டிக்கொண்டு இங்கே இருக்க முடியாது, கார் வேலை கிடைத்தால் இருப்பேன் என்று அவள் நேராகவே சொல்லிவிட்டாள். ஸ்ரான்லி இதை 'சக்செஷன் பிளானிங்', அதாவது வாரிசு ஏற்பாடு, என்று எல்லோருக்கும் விளங்கப்படுத்தினார். மகள் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமை இடியப்பம் மிஞ்சும் என்பதை அதைவிடக் கௌரவமாகச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

பதற்றத்தில் இருந்த குடும்பம் கடவுளிடம் போனது. சின்ன விஷயங்களுக்கெல்லாம் கூட்டம் கூட்டுவது டில்ஷானிக்குப் பிடிக்காது. அதனால் வெள்ளிக்கிழமை அவள் வேலை முடிந்து போகும்வரை காத்திருந்து பாதரை அழைத்தார்கள். யார்டின் மேற்பார்வையாளர் சிவானந்தன், புது லொறிக்குச் செய்வதுபோல் இதற்கும் ஒரு பொட்டும் மாலையும் வைப்பது முறை என்றார். ஒரு சாமியை மட்டும் கேட்டு மற்றவரைக் கோபப்படுத்துவானேன் என்று ஸ்ரான்லி சம்மதித்தார். அவர் வாசலில் பாதருக்குக் காத்திருந்தபோது, உள்ளே அவர் மனைவி கொன்ஸ்ரன்ஸ் சுருளைப் பார்த்தார். ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. வாளியில் சோப்புத் தண்ணீர் கலக்கி, மேலும் பக்கங்களுமாக ஊறவைத்துத் தேய்த்து, விருந்துக் கோப்பையைப் போலத் துடைத்து வைத்தார். பாதரோடு உள்ளே வந்த ஸ்ரான்லி, எண்ணெயின் மகிமையைப் பற்றி உரையாற்றிய அதே ஸ்ரான்லி, சுருளைப் பார்த்து என்ன பளபளப்பு என்று வியந்தார். அதைத்தான் இப்போது அவரால் தாங்க முடியவில்லை.

"எண்ணெய் பாதர்ட வெள்ளை அங்கில பட்டா போகாது ஸ்ரான்லி," என்றார் கொன்ஸ்ரன்ஸ். குரல் உள்ளுக்குள்ளேயே உடைந்துகொண்டிருந்தது. "நான் ஊத்தை எண்டு நினைச்சன். பிள்ளையை நானே பிளேன் ஏத்திப்போட்டன்."

வாசலில் டில்ஷானியை ஏற்றிய ஓட்டோ வந்து நின்றது. அதன் பின்னால் ரிஸ்கானின் கொம்பனி வான்.

டில்ஷானி சுருளை ஒருமுறை சுற்றி வந்தாள். பக்கத்து விளிம்பை விரலால் தொட்டு, விரலைப் பார்த்தாள். ரிஸ்கான் டோர்ச் அடித்து அந்த மாலைத் தடத்தை, ஏதோ நூதனசாலைப் பழம்பொருளைப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தான். சிவானந்தன் கையைக் கட்டிக்கொண்டு, பூவில் ஈரம் இருந்தது தன் பிழைதான் என்று முணுமுணுத்தார். அவள் தலையாட்டி மறுத்தாள். எண்ணெய் இருந்திருந்தால் ஈரம் ஒன்றும் செய்திருக்காது.

"டடா, ஆர் எண்ணெயைத் துடைச்சது?"

"நான்தான்," என்றார் ஸ்ரான்லி.

ரிஸ்கான் டோர்ச்சை அணைத்தான். "சேர், அன்டைக்கி ஹோட்டல்ல அந்த எண்ணெயப் பத்தி நீங்கதானே அவ்வளவு சொன்னீங்க."

"சொன்னனான் இல்ல தம்பி, வாசிச்சனான். மில்காரன் அனுப்பினதைப் பாத்து வாசிச்சது." ஸ்ரான்லி வாடிய மாலையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "எனக்கு வாளித் தகடுதான் தெரியும். அழுக்கா இருக்கே எண்டு கழுவிப்போட்டன்."

அவர் வாழ்நாளில் இவ்வளவு குறைவான சொற்களில் பேசியதை அந்த யார்ட் கேட்டதில்லை. கட்டியெழுப்பிய பெயர்ப்பலகை, கோட்டு, மேடை எல்லாவற்றையும் தானே இறக்கி நிலத்தில் வைத்துவிட்டு நின்றார். கொன்ஸ்ரன்ஸ் ரிஸ்கானை நோக்கி ஒரு அடி முன்னே வந்தார்.

"இல்ல மகன், அது வந்து..."

"கொன்னி, தம்பிக்கு ஒரு பிளேன்டீ போடு. சீனி எவ்வளவு எண்டு கேட்டுப் போடு," என்று ஸ்ரான்லி இடைமறித்தார்.

டில்ஷானி கோபத்தோடுதான் வாயைத் திறந்தாள். அப்போது அவளுடைய கண் வாளியின் விளிம்பில் காய்ந்து கிடந்த துணியில் பட்டது. நீலப் பூப்போட்ட துணி, அம்மாவின் பழைய நைட்டியில் கிழித்தது. தான் உடுக்கும் சாரம் எந்த அலுமாரியில் இருக்கிறது என்றே தெரியாத மனிதர் தகப்பன். துடைக்கிற துணி தேடி எடுத்திருக்க மாட்டார். அவள் தகப்பனின் முகத்தைப் பார்த்தாள், பிறகு ரிஸ்கானிடம் திரும்பினாள். வெளிச் சுற்று எப்படியும் வெட்டி எறிவதுதான், மாலையும் தீர்த்தமும் அதோடு போய்விடும். பக்கங்களால் இறங்கிய தண்ணீர்தான் பிரச்சினை, சுருளைப் பிரித்துப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

ரிஸ்கான் யோசித்தான். "பாப்பம் மிஸ். ஓரத்தில நாலு விரலுக்குள்ள நின்டிருந்தா சீவிட்டு எடுக்கலாம். அதுக்கு மேல போயிருந்தா என்னால ஒன்டும் செய்ய ஏலாது. சேரைப் பாத்து நான் பாஸ் போட மாட்டேன்."

"போடக்கூடாது," என்றாள் டில்ஷானி.

சிவானந்தன் கிரேனில் சுருளைத் தூக்கி இயந்திரத்தில் ஏற்றினார். டில்ஷானி இரண்டு சோடிக் கையுறைகள் எடுத்து வந்து, ஒன்றைத் தகப்பனிடம் கொடுத்தாள். மற்றதைத் தாயின் கையில் தானே மாட்டிவிட்டாள், விரல் விரலாக.

"மகள், அது நான்..."

"தெரியும் மம்மி."

கொன்ஸ்ரன்ஸ் அந்தப் பக்கம் நின்ற கணவரைப் பார்த்தார். அவர் கையுறையை இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டுப் பெருவிரலைத் தேடிக்கொண்டிருந்தார். "உனக்குத் தெரியும் எண்டு அவரிட்ட சொல்லாத," என்றார் மெதுவாக.

இயந்திரம் உறுமி, சுருள் அசைந்து பிரியத் தொடங்கியது. மாலை பதிந்த முதல் சுற்று வெட்டுப்பட்டு ஒரு பக்கம் விழுந்தது. அடுத்த சுற்று உருளைகளின் மேல் தவழ்ந்து வந்தபோது இரண்டு ஓரங்களிலும் உள்ளங்கை அகலத்துக்குப் பழுப்பு இறங்கியிருந்தது. ரிஸ்கான் நாலு விரலை வைத்துப் பார்த்தான். விரலுக்கு வெளியிலும் பழுப்பு இருந்தது. கையை எடுத்தான். டில்ஷானியின் விரல் நிறுத்தும் பொத்தானின் மேல் இருந்தது. ஸ்ரான்லி தகட்டைப் பார்க்கவில்லை, அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அழுத்தவில்லை. தகடு வந்துகொண்டே இருந்தது. அது வளைந்துவிடாமல் ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்தபடி, புருஷனும் பெண்சாதியும், மொட்டைமாடியில் காய்ந்த கட்டில் விரிப்பை மடிக்க எடுத்தவர்கள் போல, ஒரே அளவில் அடி வைத்துப் பின்னோக்கி நடந்தார்கள். அவர்களுக்கு நடுவில், இன்னும் எண்ணெய் மினுங்கும் சாம்பல் நிற வெளியில் கூரையின் வெளிச்சம் நழுவிப் போனது. பழுப்புக் கரை, இப்போது நாலு விரலுக்குள் அடங்கி, சேலையின் கரையளவுக்கு மெலிந்திருந்தது. கொன்ஸ்ரன்ஸின் பக்கத்தில் கொஞ்சம் கூட, ஸ்ரான்லியின் பக்கத்தில் கொஞ்சம் குறைய.