பூநாரை தெரிகிறதா?

...தெரிகிறது என்று சொல்லிவிட்டேன், சொன்ன பிறகுதான் என்ன தெரிகிறது என்று தேட ஆரம்பித்தேன், இந்தப் பழக்கம் எனக்கு எப்போது வந்தது, படகு முத்துப்பேட்டைக் காயலில் அலையாத்திப் புதர்களை ஒட்டிப் போய்க்கொண்டிருக்கிறது, எதிரே ஒரே சாம்பல் நிறம், தண்ணீர் எங்கே முடிகிறது வானம் எங்கே தொடங்குகிறது என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம், அந்தச் சாம்பலுக்குள் ஒரு கம்பின் மேல் நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதாம், ரெங்கம்மாள் கையை நீட்டிக் காட்டுகிறாள், தெரியுதுங்களா என்கிறாள், தெரியுது தெரியுது என்கிறேன், இருபத்தேழு வருஷம் கூடக் குடித்தனம் செய்தவளிடம் ஒரு காக்கைக்காகப் பொய்... வந்திருக்கவே கூடாது. என் என்ஜினில் கரி அள்ளிப் போடுகிற ஃபயர்மேன் பிச்சைமுத்துதான் கிளப்பிவிட்டான், ரெண்டு பேருக்கும் சேர்ந்தாப்பல ரெஸ்ட் வருதுண்ணே, ரயில் பாஸ் சும்மாத்தானே கிடக்கு, என் வீட்டுக்காரி மாரியாயி ஊரும் அந்தப் பக்கந்தான், போட்ல போனா பூநாரை ஆயிரக்கணக்குல நிக்குமாம் என்று ஷெட்டில் எல்லார் முன்னாலும் வைத்துக் கேட்டான், என்ன சொல்லி மறுப்பது, எனக்குக் கண் சரியில்லை அப்பா, பறவை பார்க்க என்னைக் கூப்பிடாதே என்றா சொல்ல முடியும், திருச்சி லோகோ ஷெட்டில் என்ஜின் டிரைவர் வீரமலை அப்படிச் சொன்னால் அன்று சாயங்காலத்துக்குள் பொன்மலை குவார்ட்டர்ஸ் முழுக்கத் தெரிந்துவிடாதா?

பக்கத்தில் இருப்பது நன்றாகத்தான் தெரிகிறது. பேப்பர் படிக்கிறேன், ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறேன், என்ஜினில் பிரஷர் முள் எங்கே நிற்கிறது என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவேன். தூரம்தான்... தூரம் போய் இரண்டு வருஷம் ஆகிறது. முதலில் புகை என்று நினைத்தேன், பிறகு கரித்தூள், பிறகு பனி, சித்திரை மாதத்தில் பனி எங்கிருந்து வரும் என்று கேட்டுக்கொள்ளவில்லை. வண்டி ஓடுவது எப்படி என்றால் பிச்சைமுத்துவால் ஓடுகிறது. எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு, சிக்னல் கைகாட்டி கண்ணில் பட்டதும் ஃபயர்மேன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், டிரைவர் தன் கண்ணால் பார்த்துவிட்டு அதையே திருப்பிச் சொல்ல வேண்டும், இரண்டு வாய் ஒன்றையே சொன்னால்தான் வண்டி போகலாம். கை இறங்கியிருந்தால் போகலாம், நீட்டியிருந்தால் நிற்க வேண்டும். இறங்கியிருக்கு அண்ணே என்பான், இறங்கியிருக்கு என்பேன். நான் விட்டுவிட்டது நடுவில் இருக்கிற ஒன்றைத்தான், பார்ப்பதை. அவனுக்கு முப்பத்து நாலு வயது, கழுகுக் கண், அவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். போன வருஷம் கண் பரிசோதனையிலும் இதே கதைதான், கதவோரம் வரிசையில் நின்றபோது எனக்கு முன்னால் போனவன் படித்த எழுத்தையெல்லாம் காதில் வாங்கிக்கொண்டு உள்ளே போய் ஒப்பித்தேன், டாக்டர் முதுகில் தட்டினார். அடுத்த பரிசோதனை வருகிற புதன்கிழமை. தோற்றால் என்ஜினிலிருந்து இறக்கிவிடுவார்கள், ஷெட்டில் உட்கார்ந்து யார் யார் வந்தார்கள் என்று எழுதிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதற்கு முன்னால் திங்கட்கிழமை இருக்கிறது, காலையில் விழுப்புரம் பாசஞ்சர், நானும் பிச்சைமுத்துவும்.

காலையிலிருந்து எல்லாமே கோணல். ஏறும்போது பலகைக்கும் படகுக்கும் நடுவில் காலை வைத்துவிட்டேன், முழங்கால் வரை சேறு, வலது செருப்பு அதற்குள்ளேயே போய்விட்டது, படகுக்காரர் ஜெகபர் சாதிக் கையை விட்டுத் துழாவினார், கிடைக்கவில்லை, பலகை வழுக்குது பாய் என்றேன், பலகை காய்ந்து கிடந்தது. பிறகு கால்வாய் குறுகிய இடத்தில் ஒரு கிளை என் தொப்பியைத் தட்டித் தண்ணீரில் போட்டது, குனியக் கூடாதாங்க என்று ரெங்கம்மாள் கேட்டு வாயை மூடுவதற்குள் அதே கிளை பிச்சைமுத்துவின் நெற்றியிலும் பட்டென்று அடித்தது. மாரியாயிக்குச் சிரித்துச் சிரித்துப் புரை ஏறிவிட்டது, ரெண்டு ரயில்காரங்களும் ஒரு கிளைக்கு வழிவிட மாட்டேங்கறாங்களே அக்கா என்றாள். நானும் சிரித்தேன், எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, அவனுக்கும்தானே பட்டது. அப்புறம் படகு சேற்றில் தட்டி அரைமணி நேரம் நின்றது, ஜெகபர் சாதிக் இறங்கித் தள்ளினார், ஆட்டத்தில் டிபன் கேரியர் கவிழ்ந்து தயிர்சாதம் படகின் அடியில் கிடந்த தண்ணீரில் கரைந்தது. புளியோதரை மட்டும் மிச்சம். இதெல்லாம் கெட்ட சகுனமா, சும்மா இரு, செருப்புக்கும் சோற்றுக்கும் சகுனம் பார்க்க ஆரம்பித்தால் என்ஜின் ஓட்ட முடியுமா... ஓட்டுகிறேனா நான்?

காயல் அகன்றது. கரை எங்கோ போய்விட்டது, எனக்குக் கரை எப்போதோ போய்விட்டது. இப்பத்தான் பூநாரை நிக்கிற இடம், பார்த்துக்கிட்டே வாங்க என்றார் ஜெகபர் சாதிக் பின்னாலிருந்து. நானும் பிச்சைமுத்துவும் முன்பலகையில், என்ஜினில் நிற்பதுபோலவே அவன் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம். பிறகு அவன், "அந்தா நிக்குதுண்ணே, வெள்ளையா, பெரிய கூட்டம்" என்றான். அப்பாடா என்றிருந்தது எனக்கு. பார்த்தேன், சாம்பலில் ஒரு வெளுப்பு இருந்தது, அது போதாதா, பெரிய கூட்டம்தான் என்றேன், அதோடு நிறுத்தியிருக்கலாம், வாய் நிற்கவில்லை, ரெங்கம்மாள் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது, நன்றாகத் தெரிகிறவன் என்ன சொல்வானோ அதைச் சொல்ல வேண்டும் என்று ஒரு வேகம், "ரெண்டு மூணு கிளம்பிடுச்சு பாரு, ரெக்கையில சிவப்பு தெரியுது" என்றேன். பிச்சைமுத்து உடனே, "ஆமாண்ணே, மூணு, வடக்க பறக்குது" என்றான்.

"எது சார்?" என்றார் ஜெகபர் சாதிக். கழியை ஊன்றிவிட்டு எட்டிப் பார்த்தார். "அது உப்பு சார். அளத்துல குவிச்சு வச்சிருக்காங்க."

பெண்கள் இருவரும் சிரித்தார்கள், உப்புக்கு ரெக்கை முளைச்சுப் பறக்குதாம் என்று மாரியாயி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள், நான் அசடு வழிந்தேன், பிச்சைமுத்துவும் சிரித்தான், அந்தச் சிரிப்பு எனக்குத் தெரிந்ததாக இருந்தது, எங்கே பார்த்தேன், எங்கே... சவரம் செய்யும்போது கண்ணாடியில்.

நான் பொய் சொன்னேன், சரி. அவன் ஏன் ஆமாம் என்றான்? மூன்று என்று எண்ணிக்கை வேறு சொன்னானே, வடக்கு என்று திசை சொன்னானே. மரியாதைக்கா, அண்ணன் சொல்லிவிட்டார் என்பதற்காகவா... இருக்கலாம், நல்ல பையன்தான். முதலில் கூட்டம் என்று சொன்னது யார், அவன்தானே, அதற்கு என்ன மரியாதை. அந்தக் கிளை. அவன் நெற்றியில் அடித்த அந்தக் கிளை. போன வருஷம் கதவோரம் வரிசையில் எனக்குப் பின்னால் நின்றது யார்? இவன்தான் நின்றான், நான் வெளியே வந்தபோது அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது, சாமி கும்பிடுகிறான் என்று நினைத்தேன். காவிரிப் பாலம் நினைவுக்கு வருகிறது, கோட்டை ஸ்டேஷன் தாண்டிப் பாலத்தில் ஏறினால் அந்தப் பக்கம் ஸ்ரீரங்கத்துக் கைகாட்டி, எனக்கு அங்கே தெரிவது தென்னந்தோப்பின் கருப்பும் மொட்டைக் கோபுரத்தின் மங்கலும்தான், பாலம் முழுக்க நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருப்பேன், அவன் சில நாள் சீக்கிரம் சொல்வான், சில நாள் பாலம் முடிகிற வரை சொல்ல மாட்டான், அந்த நாட்களில் என்ன செய்துகொண்டிருந்தான்? எதைப் பார்த்துக்கொண்டிருந்தான்? என் கையை. நான் பிரேக்கைத் தொடவில்லையே, அப்படியானால் இறங்கித்தான் இருக்கிறது என்று அவன் சொல்லியிருக்கிறான், அவன் சொல்லிவிட்டானே என்று நான் பிரேக்கைத் தொடாமல் இருந்திருக்கிறேன். பின்னால் எட்டுப் பெட்டி. ஏகாதசிக்கு எள் விழ இடமில்லாத கூட்டம், பெருமாளைப் பார்க்கப் போகிற ஜனங்கள், எங்கள் இருவரையும் நம்பித் தூங்கிக்கொண்டு வந்த குழந்தைகள். ரெங்கநாதா.

கேட்டுவிடலாமா? பிச்சைமுத்து, உனக்குத் தெரியுதா என்று ஒரு வார்த்தை. கேட்டால் அவனும் கேட்பானே, உங்களுக்கு அண்ணே? அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள், மாரியாயி மூன்றாவதைச் சுமந்துகொண்டிருக்கிறாள். நான் ஷெட்டில் உட்கார்ந்தால் கௌரவம் போகும், அவன் உட்கார்ந்தால் டிரைவராகவே ஆக முடியாது. அல்லது இதெல்லாம் என் பயம்தானா, அவனுக்குக் கழுகுக் கண்தானா, உப்பு பளபளத்ததில் ஏமாந்துவிட்டானா... அப்படியே இருக்கட்டும், தயவு செய்து அப்படியே இருக்கட்டும். பெண்கள் குனிந்து புளியோதரையை இலையில் பிரித்துக்கொண்டிருந்தார்கள். படகு திரும்பியது, வெயில் எதிரே வந்தது. "எனக்கு வெயில் கண்ணைக் கூசுது சார்" என்றார் ஜெகபர் சாதிக். "முன்னால சிவப்புத் துணி கட்டுன கம்பு ஒண்ணு வரும், அது எந்தப் பக்கம் இருக்குன்னு பார்த்துச் சொல்லுங்க. தப்பான பக்கம் போனா மறுபடியும் தரை தட்டும்."

நான் காத்திருந்தேன். இந்தத் தடவை நானாக ஒன்றும் சொல்லப்போவதில்லை, அவன் சொல்லட்டும், அவன் வலது என்றால் வலது, இடது என்றால் இடது. கழி தண்ணீரில் விழுந்து எழுகிற சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை, ஐந்து தடவை. அவன் வாய் திறக்கவில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தேன். அவன் கண் தண்ணீரில் இல்லை, என் முழங்காலின் மேல் கிடந்த வலது கையில் இருந்தது, அது அசைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.