அலாரத்தின் வாயை அடைத்தவன்

சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு டிரெய்லர்க்காரன் கார் கொட்டகைக்கு வந்து மேசை முன் உட்கார்ந்தான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் முகாம் டிரெய்லரை வாடகைக்கு விடுவது அவன் தொழில். கட்டில், அடுப்பு, கேஸில் ஓடும் ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ள சின்ன வீடு அது. போன வாரம் அதிலிருந்து கழற்றிய கேஸ் அலாரத்தை ஒரு பேட்டரியோடு இணைத்தான்.

"கெட்டுப்போச்சுன்னுதானே கழட்டினீங்க? இன்னும் எதுக்கு அதோட மல்லுக்கட்டறீங்க?" என்றாள் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி.

"சும்மா சும்மா கத்துது. சரிபண்ண முடியுமான்னு பாக்கறேன்."

அலாரம் கத்தவில்லை. பச்சை விளக்கு சாதுவாக எரிந்தது. லைட்டரைப் பற்றவைக்காமல், அதன் வாயுவை மட்டும் கருவியின் பக்கம் கசியவிட்டான். உடனே காது கிழிய வீறிட்டது. ஜன்னலைத் திறந்ததும் அடங்கியது.

"நல்லாத்தானே வேலை செய்யுது?" என்றாள் மனைவி.

கருவி நன்றாக இருக்கிறதென்றால், டிரெய்லரில் அது கத்தியது பொய்யில்லை.

போன வாரம் வாடகைக்கு எடுத்தவர்கள் தூங்கவே முடியவில்லை என்று சண்டை போட்டபோது, அவன் போய் அடுப்பின் மேல் குனிந்து மோந்து பார்த்தான். வாடையே இல்லை. எரிவாயு காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். அதற்காகத்தான் அலாரத்தை முழங்காலுக்குக் கீழே பொருத்தியிருந்தார்கள். அவன் மூக்கு அவ்வளவு தூரம் இறங்கவில்லை. கருவியின் மேல் பழியைப் போட்டுக் கழற்றிவிட்டான். காலி இடத்தைப் பார்த்து யாரும் கேள்வி கேட்கக்கூடாதே என்று அங்கே ஒரு சின்னப் பச்சை பல்பைப் பொருத்தினான்.

இன்று காலை அந்த டிரெய்லரில், ஊருக்கு வெளியே உள்ள முகாமுக்குப் போயிருப்பது அவனுடைய தங்கை. கூடவே மாப்பிள்ளையும், தவழ ஆரம்பித்திருக்கும் குழந்தையும்.

தங்கை போனை எடுக்கவில்லை. மாப்பிள்ளையின் போன் அணைந்திருந்தது. சாவியை எடுத்துக்கொண்டு அவன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து மனைவியும் காரில் ஏறிக்கொண்டாள்.

"என்னங்க ஆச்சு? வாயைத் திறந்து சொல்லுங்க."

"நீ போன் போட்டுக்கிட்டே இரு."

ஊர் எல்லை தாண்டும்போது மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் இணைப்புக் கிடைத்தது. மனைவி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"சொல்லுண்ணா. இங்க நல்ல மழை. கதவு ஜன்னல் எல்லாம் இறுக்கி மூடிட்டு உக்காந்திருக்கோம். குழந்தைக்குப் பால் சுட வைக்கலாம்னு இப்பத்தான் எந்திரிச்சேன்."

"அடுப்பப் பத்த வைக்காதம்மா. முதல்ல எல்லாரும் வெளிய வாங்க."

"இந்த மழையிலயா? உனக்கென்ன ஆச்சு?" தங்கை சிரித்தாள். "லேசா ஒரு வாடை வந்துது. உன் மாப்பிள்ளையோட சாக்ஸ்னு நினைச்சேன். அதான் நீ காட்டின பச்சை எரியுதே, அது எரிஞ்சா பயமில்லைன்னியே."

மனைவி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில்தான் வந்திருக்கிறேன், பார்க்க வெளியே வா என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று ஒரு கணம் அவன் மனம் அலைந்தது. பாத்திரம் வைக்கும் சத்தம் போனில் கேட்டது.

"அந்தப் பச்சை பொய்ம்மா. அலாரமே அங்க இல்ல. நான் வச்ச வெறும் பல்பு அது. உள்ள கேஸ் கசியுது. எந்த சுவிட்சையும் தொடாத. குழந்தையத் தூக்கிட்டு ஓடு."

கதவு அடித்துத் திறக்கும் ஓசை, மழையின் இரைச்சல், குழந்தையின் வீறல். பிறகு போன் கட்டாகிவிட்டது. மறுபடி அடிக்க மனைவிக்கும் தைரியம் வரவில்லை. எதிரே புகை தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்து மிச்ச வழியெல்லாம் ஓட்டினான்.

முகாம் வாசலில், அலுவலகக் கூரைக்கடியில், மூவரும் சொட்டச் சொட்ட நின்றிருந்தார்கள். குழந்தை ஒரு துண்டுக்குள் விக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவன் காரை அப்படியே நிறுத்தி இறங்கி ஓடினான். மாப்பிள்ளை சிலிண்டரை வெளியிலிருந்தே மூடிவிட்டு வந்திருந்தார்.

"ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி கேஸ் குழாய் விரிசல் விட்டிருக்குன்னு முகாம்காரங்க சொல்றாங்க மச்சான்," என்றார், வேறு பக்கம் பார்த்தபடி.

"என்னை மன்னிச்சிரும்மா. நீ போற வண்டின்னு தெரிஞ்சும் இப்படி..."

தங்கை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் போகாம வேற யாராவது புள்ளையோட போயிருந்தா, இன்னிக்கு இப்படி ஓடி வந்திருப்பியாண்ணா?"

அந்தப் பல்பை நம்பி ஏற்கெனவே ஒரு குடும்பம் அதில் படுத்து எழுந்து போயிருந்தது. அவர்கள் முகம்கூட அவனுக்கு நினைவில்லை.

அடுத்த வாரத்துக்கு வண்டி சொல்லிவைத்திருந்தவரை அங்கிருந்தே போனில் அழைத்தான்.

"சார், வண்டி இப்போதைக்குக் கிடையாது. கேஸ் கசியுது. அலாரம் சரியாத்தான் சொல்லிச்சு, நான்தான் அதைக் கழட்டிட்டேன்." தங்கையைத் திரும்பிப் பார்த்தான். "நம்மை நம்பிப் படுக்கறவங்க யாரா இருந்தாலும் நம்ம வீட்டுப் புள்ளைதான் சார். அபாயம்னு கத்துற அலாரத்தோட வாயை அடைக்கறவன் கொலைக்குத் துணை போறவன். அதைத் தெரிஞ்சுக்க எனக்கு என் தங்கச்சி வேண்டியிருந்துது."