ஜவ்வைத் தைப்பார்களா?

உத்தமபாளையத்தில் ரசூல் கறிக்கடையில் எலும்பு நொறுங்கும் சத்தமே கேட்காது. மற்ற கடைகளில் வெட்டுக்கத்தியை ஓங்கி ஓங்கிப் போட்டு, வாங்க வந்தவர் சட்டையில் எலும்புத்தூள் தெறிக்க வைப்பார்கள். ரசூல் ஒரு சாண் கத்தியை மூட்டுக்குள் நுழைத்து, ஒரு திருப்புத் திருப்புவார். கால் தானாகக் கழன்று கையோடு வந்துவிடும். "எலும்ப வெட்டுறவன் விறகுக்கடைக்குப் போகலாம்" என்று எதிர்க்கடை சலீமின் காதில் விழும்படியாகச் சொல்வார். இருபத்தாறு வருடமாக இதே பேச்சுதான். பதினோரு வருடமாகச் சலீம் அவரோடு பேசாததற்குக் காரணமும் இதே பேச்சுதான்.

அப்பேர்ப்பட்டவரை அவருடைய சொந்த மூட்டே ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கவிழ்த்துவிட்டது. குத்தவைத்து உட்கார்ந்து ஆட்டுக்குடலைக் கழுவிக்கொண்டிருந்தார். வாசலில் யாரோ கூப்பிட, வலதுகாலை ஊன்றி, உட்கார்ந்த வாக்கிலேயே திரும்பி எழுந்தார். முட்டிக்குள் 'டொக்'கென்று ஒரு சத்தம். எழுந்தவர் எழுந்தபடியே நின்றார். கால் பாதி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு, அதற்குமேல் நீள மாட்டேன் என்றது.

சுளுக்குத்தான் என்று மனைவி முபீனா எண்ணெய் போட்டுவிட்டாள். ரசூலும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அன்று ஜும்மா தொழுகைக்குப் போனபோது தரையில் உட்கார முடியவில்லை. பள்ளிவாசலின் கடைசி வரிசையில், எழுபது வயதுக்காரர்களோடு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொழுதார். எல்லோரும் நெற்றியைத் தரையில் வைத்தபோது அவர் மட்டும் காற்றில் குனிந்தார். நாற்பத்து நான்கு வயதில் அது அவருக்கு அவமானமாக இருந்தது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பதினெட்டு நாள்தான் பாக்கி. முப்பத்திரண்டு வீட்டில் ஆடு அறுத்துக் கொடுக்கும் குர்பானி வேலை அவர் கையை நம்பி இருந்தது. அத்தனை வீட்டிலும் 'ரசூல் வந்தால்தான் கத்தி எடுப்போம்' என்று பிடிவாதமாக இருப்பவர்கள்.

திங்கட்கிழமை தேனிக்குப் பஸ் ஏறினார். எலும்பு டாக்டர் தேவயானி மார்க்கையன்கோட்டை சுந்தரலிங்கத்தின் மகள். சுந்தரலிங்கம் ஞாயிறு தவறாமல் ரசூல் கடையில் கறி வாங்குபவர். அந்த உரிமையில் ரசூல், அங்கேயே எடுத்த ஸ்கேன் படத்தை மேஜையில் போட்டுவிட்டு, "என்னமோ கருப்பும் வெள்ளையுமா இருக்கு, நீங்களே பாத்துச் சொல்லுங்க டாக்டரம்மா" என்றார்.

தேவயானி படத்தை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "பாய், முட்டிக்குள்ள ஜவ்வு கிழிஞ்சிருக்கு. கிழிஞ்ச துண்டு ரெண்டு எலும்புக்கும் நடுவுல போயி மாட்டிக்கிச்சு. அதான் கால் நீட்ட வரல. நல்லவேளை, ஓரத்துல கிழிஞ்ச மாதிரித்தான் தெரியுது. அங்கன ரத்த ஓட்டம் இருக்கு. தைச்சா ஒட்டிக்கிரும்."

"எதத் தைக்கணும்?"

"ஜவ்வைத்தான்."

ரசூல் வாய்விட்டுச் சிரித்தார். ஜவ்வு என்றால் அவருக்குத் தெரியாதா? கறிமேல் வெள்ளையாக, ஈரத்தாள் போல ஒட்டிக்கொண்டிருப்பது. கத்தி நுனியால் நெம்பி உரித்து, கடைக்குப் பின்னால் படுத்திருக்கும் நாய்க்கு எறிவது. "தினமும் ஒரு கூடை ஜவ்வை நாய்க்குப் போடுறேன். அதப் போயி யாராச்சும் தைப்பாகளா? பேசாம வெட்டி எறிஞ்சிருங்க."

"வெட்டவும் செய்யலாம்" என்றார் தேவயானி, சிரிக்காமல். "வெட்டுனா ரெண்டு வாரத்துல எந்திரிச்சு நடமாடிருவீங்க. பெருநாளைக்கு நின்னுக்கிட்டாவது வேலை பாக்கலாம். தைச்சா ஒன்றரை மாசம் கம்பு ஊனணும், ஆறு மாசம் குத்தவைக்கவே கூடாது."

"அப்புறமென்ன, வெட்டிருங்க!"

"இருங்க பாய். இது நீங்க உரிக்கிற ஜவ்வு இல்ல. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவுல மெத்தையா கெடக்குறது. மெத்தைய எடுத்துட்டா எலும்பும் எலும்பும் உரசும். பத்து வருஷம் கழிச்சு நாற்காலிதான். ஆட்டுக்கும் அதே முட்டிக்குள்ள அதே மெத்தை இருக்கு. இத்தன வருஷத்துல பாத்ததில்லையா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் ரசூலைச் சுட்டது. ஆட்டுக்குள் தான் பார்க்காத ஒன்று இருப்பதாக, பேனா பிடிக்கிற ஒரு பெண் சொல்லிவிட்டாள்!

"ஒரு வாரத்துக்குள்ள முடிவு சொல்லுங்க. மாட்டுன துண்டோட நடக்க நடக்க அது நைஞ்சிரும். அப்புறம் தைக்கணும்னாலும் தைக்க முடியாது" என்று, எழுந்து நொண்டிக்கொண்டு வெளியேறியவரின் பின்னாலிருந்து தேவயானி சொன்னது அவர் காதில் பாதிதான் ஏறியது.

மறுநாள் விடிந்ததும் முதல் ஆட்டின் முன்னங்காலைக் கட்டையில் வைத்தார். முட்டியைச் சுற்றிக் கத்தியை ஓட்டி, கவனமாகத் திறந்தார். உள்ளே கூழாங்கல் மாதிரி குட்டிக்குட்டி எலும்புகள், இரண்டு வரிசை. மெத்தையும் இல்லை, தலையணையும் இல்லை. இன்னொரு காலையும் திறந்தார். அதிலும் இல்லை. ரசூலுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"பாத்தியா முபீனா, டாக்டருக்குப் படிச்சா மட்டும் போதுமா?" என்று சொல்லி, அந்தக் காலை எவர்சில்வர் தூக்கில் போட்டு மூடி, அடுத்த பஸ்ஸிலேயே தேனிக்குக் கிளம்பினார். வலதுகாலைப் பஸ் நடைவழியில் நீட்டவும் முடியாமல் மடக்கவும் முடியாமல் வைத்துக்கொண்டு, ஏறுகிறவர் இறங்குகிறவரிடமெல்லாம் திட்டு வாங்கிக்கொண்டு போனார். ஒரு திட்டும் அவருக்கு உறைக்கவில்லை.

தூக்கைத் திறந்து பார்த்த தேவயானிக்கு இந்த முறை சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பாய், இது முட்டி இல்ல. மணிக்கட்டு."

"ஆடு மண்டி போட்டு மேயுறது இதுலதானே? மண்டி போடுறது முட்டி இல்லாம வேற என்னவாம்?"

"நீங்களே எண்ணுங்க. உங்க கைய நீட்டுங்க. மேலருந்து வாங்க. முதுகுப் பக்கம் சப்பை எலும்பு, அதுக்குக் கீழ?"

"தோள்மூட்டு" என்றார் ரசூல். ஆட்டின் முன்னங்கால் கண்முன்னே தொங்க, விரல் தன் கைமேல் நடந்தது. "அதுக்குக் கீழ... வயித்தோட ஒட்டி ஒரு மூட்டு. முழங்கை. அதுக்குக் கீழ..." விரல் மணிக்கட்டில் வந்து நின்றது. அங்கே அமுக்கிப் பார்த்தார். உள்ளே கூழாங்கல் மாதிரி குட்டிக்குட்டி எலும்புகள் நெளிந்தன.

இருபத்தாறு வருடமாக ஆட்டின் மணிக்கட்டை முட்டி என்று சொல்லி விற்றிருக்கிறார். வாங்கினவர்களும் முட்டி என்றே சூப் வைத்துக் குடித்திருக்கிறார்கள்.

"நிஜ முட்டி பின்னங்காலுல இருக்கு. தொடைக்கறிக்குக் கீழ, வட்டமா முட்டிச் சில்லு இருக்கிற எடம். போயிப் பாருங்க. ஆனா பாத்து மெதுவாத் தெறங்க" என்று மட்டும் சொன்னார் தேவயானி.

சில்லு இருக்கிற இடம்! அங்கேதானே தினமும் கத்தியை நுழைத்து ஒரு திருப்புத் திருப்புகிறார். ஊரே பார்த்து வியக்கிற அந்தத் திருப்பு.

கடைக்கு வந்ததும் ஒரு தொடையை எடுத்து வைத்தார். இந்த முறை திருப்பவில்லை. சில்லை ஒருபக்கம் ஒதுக்கினார். பக்கத்து நரம்புகளை ஒவ்வொன்றாக அறுத்தார். மூட்டு அப்போதும் பிரியவில்லை. உள்ளே இரண்டு கயிறு ஒன்றையொன்று குறுக்கே தாண்டிக்கொண்டு எலும்புகளை இழுத்துப் பிடித்திருந்தன. அவற்றையும் அறுத்த பிறகுதான் மூட்டு வாயைத் திறந்தது.

இருந்தது. கீழ் எலும்பின் தலையில், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. தேங்காய்க் கீற்று போல வளைந்து, வெளி ஓரம் தடித்து, உள் ஓரம் மெலிந்து, வெள்ளையாக வழுவழுவென்று கிடந்தது. விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டால் எழும்பியது. மேல் எலும்பின் உருண்டையைத் திரும்ப வைத்துப் பார்த்தார். அந்தக் கீற்றுகளுக்குள் அது கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. ஒவ்வொரு திருப்பிலும் அவர் கத்தி இதைத்தான் இரண்டாகக் கிழித்துக்கொண்டிருந்தது. கிழிந்ததைப் பார்த்தவர், இருந்ததைப் பார்த்ததே இல்லை.

அன்றைக்கு அறுத்ததில் பொட்டிப்புரத்திலிருந்து வந்த கிழட்டுச் செம்மறி ஒன்றும் இருந்தது. வண்டியிலிருந்து இறக்கும்போதே பின்னங்காலை நொண்டிக்கொண்டு வந்தது. ரசூல் சற்று யோசித்தார். பிறகு அதன் தொடையை எடுத்துத் திறந்தார். தேங்காய்க் கீற்று இருக்கவேண்டிய இடத்தில் நைந்த நூல் மாதிரி ஏதோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எலும்பின் வழுவழுப்பெல்லாம் போய், உரசி உரசி வரிவரியாகக் கோடு விழுந்திருந்தது. கட்டைவிரல் நகத்தால் தடவினார். சொரசொரவென்று நகத்தைப் பிடித்தது. இப்படிப்பட்ட எலும்பை ஆயிரம் தடவை பார்த்திருக்கிறார். கிழட்டு ஆடு என்று சொல்லித் தள்ளிவிட்டிருக்கிறார். கை தானாகத் தன் வலது முட்டியைத் தடவியது. பயம்தான், வேறொன்றுமில்லை.

டீ கொண்டுவந்த முபீனா கட்டையருகே வந்து எட்டிப் பார்த்தாள். "என்னங்க, இம்புட்டு நேரமா எதப் பாக்குறீக?"

"என் முட்டியப் பாக்குறேன்."

ரசூல் இரண்டு மூட்டையும் அவளுக்குக் காட்டினார். எதை வெட்டினால் எது வரும் என்று சொன்னார். முபீனா கிழட்டுச் செம்மறியின் எலும்பை ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"தைச்சா ஆறு மாசமாமே. அப்ப பெருநாளு? முப்பத்திரண்டு வீடுங்க."

எதிர்க்கடையில் சலீம் வெட்டுக்கத்தியை ஓங்கிப் போட்டுக்கொண்டிருந்தான். டமார், டமார் என்று தெருவெல்லாம் சத்தம். ரசூல் சுவரோரம் சாத்தியிருந்த கம்பை எடுத்து ஊன்றி வாசலுக்கு வந்தார். ஒருமுறை தொண்டையைக் கனைத்தார்.

"சலீமு! இங்கன வா."

பதினோரு வருடத்துக்குப் பிறகு தன் பேரைக் கேட்ட சலீம் கத்தியைப் போட்டுவிட்டு, சண்டைக்கா சமாதானத்துக்கா என்று தெரியாத முகத்தோடு தெருவைத் தாண்டி வந்தான்.

"இந்தப் பெருநாளைக்கு என் வீடு முப்பத்திரண்டையும் நீ பாத்துக்க. எல்லா வீட்டுலயும் நானே சொல்லிர்றேன்."

"அண்ணே..." என்றான் சலீம். கண் கலங்கியதை மறைக்கக் கட்டையில் கிடந்த மூட்டைப் பார்த்தான். "நீங்க என்ன செய்வீக?"

"பக்கத்துல நாற்காலி போட்டு உக்காந்திருப்பேன். நீ எலும்ப ஒடைச்சா வைவேன். காலுதான் போச்சு, வாயி நல்லாத்தான் இருக்கு. இந்த ஒரு பெருநாளைக்கு நாற்காலி. அடுத்த வருஷம் தரையிலதான் தொழுவேன், தரையில உக்காந்துதான் கறி போடுவேன். எழுதி வச்சுக்க."

சலீம் சிரித்துவிட்டான். முபீனா அவனுக்கும் ஒரு டீ எடுத்துவர உள்ளே போனாள். ரசூல் கையைத் துடைத்துக்கொண்டு தேனிக்குப் போன் போட்டார்.

"சொல்லுங்க பாய், பாத்தீங்களா?" என்றார் தேவயானி. "என்ன முடிவு பண்ணுனீங்க? வெட்டிரலாமா?"

"வெட்டுறதுக்குத்தான் இங்கன நான் ஒருத்தன் இருக்கேன்ல, டாக்டரம்மா. நீங்க தைச்சு விடுங்க."