பதினான்காம் நம்பர் வீட்டுக் குழாய்

கேட்டில் சைரன் அலறியது.

வாஷ்பேசினுக்கு அடியில் தலையை விட்டிருந்த ஜெரால்ட் திடுக்கிட்டு நிமிர்ந்ததில், பின்மண்டை பீங்கானில் 'ணங்' என்று மோதியது. தடவிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தார். பத்து ஐம்பத்தெட்டு. நல்லவேளை, அவர் வேலை முடிந்திருந்தது. நட்டு தளர்ந்து, தண்ணீர் சொட்டுச் சொட்டாகப் பக்கெட்டில் விழ ஆரம்பித்திருந்தது. ஸ்பேனரை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார்.

செண்பகா என்க்ளேவில் அந்த சைரன் ஒரே காரணத்துக்குத்தான் அடிக்கும். அனுமதி நிறுத்தப்பட்ட ஆள் யாராவது கேட்டில் பாஸை நீட்டினால்.

இன்டர்காம் கூப்பிட்டது.

"சார், கேட்லேர்ந்து தேவகி பேசறேன். பிளம்பர் பிரேம்குமார் வந்து நின்னுகினு இருக்காரு. பாஸ் செவப்பு காட்டுது சார், உள்ள வுட முடியாது."

"நான்தானேம்மா வரச்சொன்னேன்? ஆப்புல அனுமதிகூட குடுத்துட்டேனே."

"நீங்க குடுத்துட்டீங்க சார். செக்ரட்டரி சார் நிறுத்தி வெச்சிட்டாரு. இங்க ஆபீஸ்லதான் குந்திகினு இருக்காரு."

ஜெரால்ட் இன்டர்காமை வைத்தார். மேஜைமேல் கழுவித் துடைத்து வைத்த இரண்டு காபி டம்ளர்களைப் பார்த்தார். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் வீட்டிலிருந்து கேட் வரை பதின்மூன்று வீடுகள். பதினொன்று பூட்டிக் கிடந்தன. எல்லாம் சென்னைக்காரர்கள் வாங்கிப் போட்டவை. சனிக்கிழமை கார் வரும். மலைக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு ஞாயிறு சாயங்காலம் திரும்பிவிடும். வாரநாளில் இந்தத் தெருவில் ஒருவர் தும்மினால் அவரே 'நூறு ஆயுசு' சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

ஜெரால்ட் முப்பத்தோரு வருஷம் கூட்ஸ் வண்டியில் கார்டாக இருந்தவர். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா வரைக்கும், அதைத் தாண்டியும், வண்டியின் கடைசிப் பெட்டியில் ஒற்றை ஆளாகப் போய்வந்தவர். "உனக்கென்னப்பா, தனியா இருந்து பழகின ஆள்" என்று ரிட்டயர்மென்ட் கூட்டத்தில் எல்லோரும் சொன்னார்கள். அவரும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். கடைசிப் பெட்டியில் தனியாக உட்கார்ந்தவனுக்கு முன்னால் ஒரு வண்டியே போகும், வண்டி போய்ச் சேரும் இடத்தில் மனைவி ஆனி காத்திருப்பாள் என்பதெல்லாம் அப்போது கணக்கில் வரவில்லை. பிள்ளைகள் இல்லை. இந்த வீட்டுக்குக் குடிவந்த எட்டாவது மாசம் ஆனியும் போய்விட்டாள்.

கேட் ஆப்பில் மூன்று பொத்தான்கள் உண்டு. விருந்தாளி, டெலிவரி, ஒப்பந்தப் பணியாளர். டெலிவரிக்காரர்கள் யாரும் உள்ளே வரக்கூடாது. பால், காய்கறி, மருந்து எல்லாம் கேட்டில் இருக்கும் ரேக்கில் வைத்துவிட்டுப் போக வேண்டும். விருந்தாளி பொத்தானை ஜெரால்ட் மூன்று வருஷமாக அழுத்தவே இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான். வீட்டில் ஏதாவது கெட்டுப்போனால் மட்டுமே ஒரு மனிதன் அவர் வாசற்படி ஏறி வர முடியும்.

முதல் தடவை நிஜமாகவே குழாய் ஒழுகியது. கே.ஜி.கண்டிகையிலிருந்து பிரேம்குமார் வந்தான். ஐந்து நிமிஷ வேலை. முடித்துவிட்டு, சுவரில் இருந்த போட்டோவைக் காட்டி, "இது நீங்களா சார்? பச்சைக் கொடியெல்லாம் புடிச்சிகினு ஹீரோ மாதிரி கீறீங்க?" என்று கேட்டான். அவ்வளவுதான். ஜெரால்ட் ஒரு மணி நேரம் பேசினார். அவன் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து கேட்டான். தன் பெண்ணுக்குக் கணக்கு வராத கதையைச் சொன்னான். அவன் போன பிறகு வீடு முன்பைவிட அமைதியாக இருந்தது.

அடுத்த வாரம் ஜெரால்ட் தானே ஒரு நட்டைக் கழற்றினார். ரொம்ப இறுக்கம். ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டியில் தோல் உரிந்து ரத்தம் வந்தது. "கையில இன்னா சார்?" என்று பிரேம்குமார் கேட்டபோது, "கதவுல இடிச்சுகிட்டேன்" என்று சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவ்வளவு சிரமம் இல்லை. நட்டுகள் லேசாகக் கழன்றன. கைப்பழக்கம் வந்துவிட்டது என்று அவருக்கே கொஞ்சம் பெருமைதான்.

சும்மா வா, பேசிவிட்டுப் போ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அது மட்டும் வாயில் வரவில்லை.

கேட் கம்பத்துக்கு அந்தப் பக்கம், பைக்மேல் கருவிப் பையை வைத்துக்கொண்டு பிரேம்குமார் நின்றிருந்தான். ஜெரால்டைப் பார்த்ததும் வணக்கம் வைத்தான். சிரிக்கவில்லை.

ஆபீஸ் அறையில் செக்ரட்டரி ஆதிகேசவன், முன்னால் ஒரு தாளோடு தயாராக இருந்தார். "வாங்க சார், உக்காருங்க. தேவகி, அந்தாளையும் கூப்பிடு."

பிரேம்குமார் வந்து கதவோரம் நின்றான். தேவகி அவனுக்குக் காவலாக நிற்பதுபோல் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

"மூணு மாசத்துல பதினாலாம் நம்பருக்கு மட்டும் இருபத்தாறு தடவை வந்திருக்கான். எல்லாமே குழாய் ஒழுகல். உலகத்துல எந்தக் குழாய் சார் இப்படி ஒழுகும்? தனியா இருக்கிற பெரியவர்னு உங்களை ஏமாத்திட்டு இருக்கான்."

"அதெல்லாம் இல்லீங்க..."

"இருக்கு சார், ஆதாரம் இருக்கு. நேத்து நீங்க சர்ச்சுக்குப் போன நேரத்துல வேற பிளம்பரைக் கூட்டிட்டு வந்து உங்க தோட்டத்துக் குழாயைப் பாக்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை இவன் ரிப்பேர் பண்ணதுதானே அது? கையால திருகினாலே கழண்டு வருது! ஸ்பேனரே படல. வேணும்னே அரைகுறையா முறுக்கிட்டுப் போறான், மறுபடி கூப்பிடட்டும்னு."

"ஞாயித்துக்கெழம கான்ட்ராக்டர் யாரும் உள்ள வரக்கூடாதுன்னு நீங்கதானே சார் போர்டு மாட்ட சொன்னீங்க?" என்றாள் தேவகி அப்பாவியாக.

"நீ சும்மா இரும்மா." ஆதிகேசவன் டேப்லெட்டைத் திருப்பி வைத்தார். திரையில் பிரேம்குமாரின் படம், அதற்குக் கீழே சிவப்புப் பொத்தான். "இப்போதைக்கு நிறுத்தி மட்டும்தான் வெச்சிருக்கேன். இதை அழுத்திட்டா நிரந்தரத் தடை. நாப்பத்திரண்டு வீட்டுலயும் இனி கால் வைக்க முடியாது. இங்க மட்டும் இல்ல, இந்த ஆப் இருக்கிற எந்த இடத்துலயும் கஷ்டம்தான். ஏன்ப்பா, ஏதாவது சொல்றியா?"

பிரேம்குமார் தலை குனிந்து நின்றான். "ஒண்ணும் இல்ல சார்."

ஜெரால்டுக்குப் புரியவில்லை. ஏன் இவன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறான்? 'அய்யோ சார், நான் ஒழுங்காத்தான் முறுக்கினேன்' என்று கத்த வேண்டாமா? பேசாமல் இருந்துவிட்டால் தனக்கு ஒன்றும் ஆகாது என்று அவருக்குத் தெரிந்தது. நாளைக்கு வேறொரு பிளம்பர் வருவான். அவனும் போட்டோவைப் பற்றிக் கேட்டாலும் கேட்பான். பேசினாலோ, சனிக்கிழமை வரும் ஒவ்வொரு கார்க்காரனும் பதினாலாம் நம்பரைக் காட்டிச் சிரிப்பான்.

ஆதிகேசவனின் விரல் திரையை நோக்கிப் போனது.

ஜெரால்ட் பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்து மேஜைமேல் வைத்தார். 'டொக்' என்றது.

"அழுத்தாதீங்க. குழாயெல்லாம் நல்லாத்தான் இருக்குது. நான்தான் கழட்டி வெக்கிறேன்."

ஆதிகேசவன் ஸ்பேனரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "நீங்களா? எதுக்கு சார்?"

"காலைல எழுந்தா ராத்திரி படுக்கிற வரைக்கும் எங்க வீட்ல என் செருப்புச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. இவன் வந்தா ஒரு மணி நேரம் வேற சத்தம் கேக்கும்." ஸ்பேனரை ஆதிகேசவன் பக்கம் தள்ளினார். "இப்பகூட வாஷ்பேசினைக் கழட்டி வெச்சிட்டுத்தான் வந்தேன். பக்கெட் ரொம்பியிருக்கும். இவன் மேல தப்பு இல்ல."

தேவகி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். வெளியே திருப்பதி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

ஆதிகேசவன் விரலை இழுத்துக்கொண்டார். ஆனால் அவர் கணக்கை அரைகுறையாக விடுகிற ஆள் இல்லை. "சரி சார். நேத்து பாத்த தோட்டத்துக் குழாய்? வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் அதையும் நீங்க கழட்டினீங்களா?"

ஜெரால்ட் யோசித்தார். "இல்லீங்க. அதை நான் தொடவே இல்ல."

"அப்ப அது ஏன் கையோட வருது? அதுக்கு என்ன பதில்?"

மூன்று பேரும் பிரேம்குமாரைப் பார்த்தார்கள். அவன் கருவிப் பையின் வாரைத் திருகினான். திருட்டுப் பிடிபட்டவன்போல் முகம் சிவந்திருந்தது.

"சொல்லித் தொலையேன்ப்பா" என்றாள் தேவகி.

"சாருக்கு அன்னைக்கு விரல்ல அடிபட்டுச்சு பாருங்க, அதுலேர்ந்து நான் அவரு வூட்ல ஸ்பேனரே போடறதில்ல சார்... கையாலதான் முறுக்கிட்டுப் போறேன், அவருக்குக் கழட்ட சுளுவா இருக்கும்ல?"