குஸும் டீச்சரின் புலி

ஜபல்பூரிலிருந்து வந்த அந்தத் தம்பதியை பூல்வதி மராவிக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. கான்ஹா புலிக் காட்டுக்குள் அவள் வழிகாட்டியாகப் போக ஆரம்பித்து ஆறு வருஷம். ரமாகாந்த் ரயில்வேயில் சிக்னல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி குஸும் கணக்கு டீச்சராக இருந்தவர். கேமரா குஸுமுடையது. ஆனால் நடுக்கவாதம் வந்து இரண்டு வருஷமாக அவர் வலது கை ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது.

முதல் நாள் ஒரு ஆண் புலி சாலையைக் கடந்தது. ரமாகாந்த் பதறிப்போய் மனைவியின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். படத்தில் செம்மஞ்சளாய் ஒரு தீற்றல்தான் இருந்தது. மறுநாள் புலியே இல்லை. அசையாமல் நின்ற புள்ளிமான்கூடப் படத்தில் கலங்கித்தான் விழுந்தது.

"நீங்க பிடிக்காம இருந்தாலே நல்லா வரும்," என்றார் குஸும்.

"பிடிக்கலேன்னா கேமரா கீழ விழுந்துடும்."

"விழட்டும். என் கேமராதானே."

குஸும் கேமராவைப் பையில் போட்டு மூடினார்.

அன்று சாயங்காலம் பூல்வதி தன் புருஷனுடைய பழைய பேன்ட்டில் ஒரு காலை வெட்டி, வரகை நிரப்பி, இரண்டு முனையையும் இறுக்கிக் கட்டினாள்.

"அதை நான் இன்னும் போட்டுக்கிட்டுதான்டி இருக்கேன்," என்றான் அவன்.

"முட்டி கிழிஞ்சு ஒரு வருஷமாச்சு. நாளைக்கு அது புலி பாக்கப் போகுது, விடு."

மூன்றாம் நாள் காலை அவர்களுக்குக் கடைசிச் சவாரி. பூல்வதி அந்த மூட்டையை திறந்த ஜிப்ஸி ஜீப்பின் பக்கக் கம்பியில் குதிரைமேல் சேணம் போடுவதுபோலப் போட்டு, அதன்மேல் கேமராவை வைக்கச் சொன்னாள். ரமாகாந்தை டிரைவர் லோச்சன் பக்கத்தில் உட்கார்த்தினாள்.

"ஐயா, சிக்னல் பாத்த காது உங்களுக்கு. கடமான் கத்துதான்னு கேட்டுக்கிட்டே வாங்க. புள்ளிமான் எதுக்கு வேணும்னாலும் கத்தும். கடமான் சும்மா கத்தாது, புலியைப் பாத்தாத்தான் கத்தும்."

அவர் முகம் சுருங்கியது. ஆனாலும் ஏறி உட்கார்ந்தார்.

சால் மரங்களைத் தாண்டியதும் பூல்வதி வண்டியை நிறுத்தச் சொன்னாள். முந்தின நாள் சாயங்காலத்து டயர் தடத்தின்மேலே புலியின் கால்தடம் அழுத்தமாகப் பதிந்திருந்தது. பக்கத்தில் சின்னத் தடங்கள். தாய்ப்புலி குட்டிகளோடு போயிருக்கிறாள். வெயில் ஏறினால் எப்படியும் தண்ணீருக்கு வருவாள். குளத்தங்கரையில், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் இன்னொரு ஜிப்ஸி வந்தது. புல்வெளியில் ஒரு புலி படுத்திருக்கிறதாம், பத்து வண்டி நிற்கிறதாம்.

"அக்கா, அங்க புலி இருக்கு. இங்க தண்ணிதான் இருக்கு," என்றான் லோச்சன்.

பூல்வதி குஸும் பக்கம் திரும்பினாள். "அம்மா, அங்க போனா கண்டிப்பா பாக்கலாம். ஆனா அத்தனை வண்டிக்கு நடுவுல உங்களுக்குப் படம் கிடைக்காது. இங்க வந்தா கிடைக்கும். வராமலும் போகலாம்."

குஸும் யோசிக்கவேயில்லை. "இருப்போம்."

பூரியும் உருளைக்கிழங்கும் தின்று முடித்தார்கள். கேமராவை ஒரு அழுத்தலுக்குப் பத்துப் படம் விழும்படி வைக்கச் சொன்னாள் பூல்வதி. "அப்படித்தான் வெச்சிருக்கேன். பத்துல ஒண்ணு தேறாதா," என்றார் குஸும். ஒன்றரை மணி நேரம் போயிற்று. பூல்வதி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். இந்தப் பெரியவர்களை வெறுங்கையோடு அனுப்பினால், அந்தப் பாவம் தன் தலையில்தானே?

ரமாகாந்த் கையை உயர்த்தினார். "அங்க," என்றார் மெல்ல. பூல்வதிக்குக் கேட்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டது. கடமான்தான்.

புதரை விலக்கிக்கொண்டு தாய்ப்புலி வந்தாள். கரையில் நின்று நாலு பக்கமும் பார்த்துவிட்டு, திரும்பி, பின்புறமாகவே நடந்து தண்ணீரில் இறங்கி இடுப்பளவுக்கு உட்கார்ந்தாள். பின்னோடு இரண்டு குட்டிகள் வந்து கரையில் உருண்டன.

குஸும் அழுத்தினார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. அந்த ஆட்டத்தை மூட்டை வாங்கிக்கொண்டது. முன் சீட்டில் ரமாகாந்தின் கைகள் தானாகப் பின்பக்கம் வரப் பார்த்தன. அவர் அவற்றைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து குஸும் கூப்பிட்டார். "ஏங்க, பின்னால வாங்க. நீங்களும் ஒண்ணு எடுங்க. ஒரு அழுத்தலுக்கு ஒரே படம்னு மாத்தி வெச்சிருக்கேன்."

அவர் இரண்டு சீட்டுக்கும் நடுவே மெதுவாக நகர்ந்து வந்து கேமராவில் கண்ணை வைத்தார். "ஒண்ணும் தெரியலையே."

"கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் பாருங்க."

தொடைத்துக்கொண்டார். ஒரே ஒரு தடவை அழுத்தினார்.

காட்டு வாசலுக்கு வெளியே டீக்கடையில் குஸும் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். நூற்று எண்பதில் பதினொன்று துல்லியமாக இருந்தன. தாயின் மீசையில் தண்ணீர் சொட்டுவதுகூடத் தெரிந்தது. ரமாகாந்த் எடுத்ததில் ஒரு குட்டியின் பின்பக்கமும் வாலும் மட்டும் இருந்தன.

"நூத்தி எண்பதுக்குப் பதினொண்ணு," என்றார் அவர். "என்னுது ஒண்ணுக்கு ஒண்ணு. கணக்கு டீச்சர்தானே, நீயே சொல்லு."

குஸும் சிரித்த சிரிப்பில் டீ புடவையில் சிந்தியது. லோச்சன் இன்னொரு டீ சொன்னான்.