தையல்காரர் அளந்த கம்பி

தையல்காரரின் மகளுக்கு ஏழு மாதம். வீட்டில் அவளைச் ‘சங்கு’ என்று கூப்பிட்டார்கள். ஆலைச் சங்கு. அவள் முதல்முறை முழு மூச்சில் அழுதபோது, எதிரே இருந்த சோப்பு ஆலையில் வேலை நேரம் முடிந்துவிட்டதென்று பாதிப்பேர் கைகழுவிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். மீதிப்பேர் ஏற்கெனவே வெளியில்தான் நின்றிருந்தார்கள். அந்தப் பழியைக் குழந்தைமேல் போட முடியாது.

அந்தச் சங்கை அடக்க ஒருத்தியால்தான் முடியும். குழந்தையின் அம்மா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவள். அவள் கை அவ்வளவு பதம். ஒருமுறை சரக்குப் பெட்டியின் மேல் அடைகாத்துக்கொண்டிருந்த புறா, தான் கப்பலைவிட்டு இறங்கிவிட்ட சங்கதியை மறுநாள்தான் தெரிந்துகொண்டது. வேலை செய்யும்போது அவள் ஒரு மெட்டை முனகுவாள். மூன்றே சுரம்: கீழே ஒரு ச, நடுவில் ப, மேலே இன்னொரு ச. அதை வீட்டில் முனகினால் குழந்தை விளக்கை அணைத்ததுபோலத் தூங்கிவிடும்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் அந்த இருக்கை வேறு ஆளுக்குப் போய்விடும்.

“இவ உங்ககிட்ட தூங்கினா போறேன். இல்லேன்னா கிரேனுக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு வீட்லயே இருந்துடறேன்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சொல்லிவிட்டு ஜன்னல் வழியே துறைமுகம் இருக்கும் பக்கத்தைப் பார்த்தாள். தையல்காரருக்கு அந்தப் பார்வை ஊசிபோலத் தைத்தது.

அவர் பாடிப் பார்த்தார். குழந்தை உடனே அழவில்லை. கொஞ்ச நேரம் அவரைப் பரிதாபமாகப் பார்த்தது; பிறகுதான் அழுதது. அம்மாவின் முனகலை போனில் பதிவுசெய்து போட்டார். குழந்தை போனுக்குள் அம்மாவைத் தேடியது, கடித்துப் பார்த்தது, கிடைக்கவில்லை என்றதும் ஊரைக் கூட்டியது.

கடைசியில் மச்சானைப் போனில் பிடித்தார். மனைவியின் அண்ணன், பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கும் தொழில். மயிரிழை பிசகினாலும் அவருக்குப் பல் கூசும். அவர் குடியிருக்கும் கட்டடத்தில் லிப்ட் மணி கொஞ்சம் சுருதி விலகி அடிக்கும் என்பதால் ஒன்பதாவது மாடிக்குப் படியேறித்தான் போவார்.

“மாப்ள, பாட்டு உங்களுக்கு வேணாம். அக்கம்பக்கத்துக்கும் நல்லது” என்றார் மச்சான். “ஒரு பலகைல ஒத்தக் கம்பிய இழுத்துக் கட்டுங்க. சும்மா மீட்டினா அது ச. பாதில அழுத்தி மீட்டுங்க, மேல் ச. மூணுல ரெண்டு பங்கு ஒலிக்கற மாதிரி அழுத்துங்க, ப. அவ்ளோதான் விஷயம். எல்லாம் அளவுதான்.”

அளவு என்றதும் தையல்காரருக்கு உயிர் வந்தது. துணி வெட்டும் பலகையின் இரு முனையிலும் ஆணி அடித்துக் கம்பியைக் கட்டினார். ஆணிகளுக்குச் சற்று உள்ளே பக்கத்துக்கு ஒரு மர நூல்கண்டை வைத்துக் கம்பியை அவற்றின்மேல் ஏற்றினார். ஒலி பெருக, பழைய தையல் மெஷினின் இழுப்பறையைக் கவிழ்த்து அடியில் கொடுத்தார். நாடாவால் அளந்து சாக்கட்டியால் கோடு போட்டார். விரலில் ஊசி குத்தாமலிருக்க மாட்டும் இரும்பு உறையாலேயே கம்பியை அழுத்தி மீட்டினார்.

ச. ப. மேலே ச.

குழந்தை கம்பியைப் பார்த்தது. அப்பாவைப் பார்த்தது. கொட்டாவி விட்டது. தையல்காரர் மூச்சு விடவும் பயந்து மீட்டிக்கொண்டே இருந்தார். குழந்தை தூங்கி, சோப்பு ஆலைச் சங்கே ஊதி ஓய்ந்த பிறகும் விரலை எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் நேரில் வந்தார். தங்கை மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தையல்காரர் பெருமையாக மீட்டிக் காட்டினார். ப வந்ததும் மச்சான் தாடையைப் பிடித்துக்கொண்டார்.

“எதுலேருந்து எது வரைக்கும் அளந்தீங்க மாப்ள?”

“ஆணிலேருந்து ஆணி வரைக்கும்.”

“நூல்கண்டுக்கு வெளிய இருக்கற கம்பி ஒலிக்காதே. அத எதுக்குக் கணக்குல சேத்தீங்க?”

“அது ஓரம் மச்சான். ஓரத்துக்கு விடாம எவன் துணி அளப்பான்? தையல் பிரிஞ்சுடாதா?”

மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். “ரெண்டு பக்கமும் ஒரே அளவு விட்டதால பாதி மட்டும் தப்பிச்சுது. ப மாட்டிக்கிச்சு. இருக்க வேண்டியத விடக் கீழ நிக்குது” என்றார். நூல்கண்டிலிருந்து நூல்கண்டுக்கு அளந்து, பழைய கோட்டுக்கு அரை அங்குலம் தள்ளிப் புதுக்கோடு போட்டார். மீட்டினார். ப கண்ணாடிபோல வந்தது. தையல்காரருக்கே வித்தியாசம் தெரிந்தது.

தொட்டிலில் அரைத்தூக்கத்தில் இருந்த குழந்தை கண்ணைத் திறந்தது. பிறகு வாயை. தெருக்கோடியில் ஒரு லாரி வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

தையல்காரர் பதறிப்போய்ப் பழைய கோட்டில் அழுத்தினார். அழுகை நின்றது. புதுக்கோடு: அழுகை. பழைய கோடு: அமைதி. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“மச்சான், அளவு சரியா இருந்தா ஏன் அழறா?”

மச்சான் வாசலை ஒருதரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஏன்னா அவ அம்மாவோட ப அந்தப் பழைய கோட்டுலதான் நிக்கும். சின்ன வயசுலேருந்தே இதே குறைச்சல்தான்.”

“நீங்க யாரும் சொல்லலையா?”

“எங்கம்மா ஒருதரம் சொல்லத்தான் போனாங்க. இவ பாடிக்கிட்டே ஓடிவந்து கழுத்தக் கட்டிக்கிட்டா. சொல்ல வந்தது தொண்டையோட போச்சு. அப்புறம் எங்க வீட்ல எல்லாருக்கும் அதான் ப. நான் தொழில் கத்துக்கப் போன மொத நாள், கடைல இருந்த பியானோ எல்லாமே தப்புன்னு சண்ட போட்டேன் மாப்ள.”

காலிக் கூடையோடு அவள் படியிறங்கி வந்தாள். “என்னண்ணா, வந்ததும் வராததுமா குழந்தைய அழ விடறே? இதென்ன ரெண்டு கோடு?”

தையல்காரர் மனசுக்குள் கணக்குப் போட்டார். சொல்லிவிட்டால் அவள் இனிமேல் யோசித்து முனகுவாள். யோசித்து முனகினால் அது அந்த மெட்டாக இருக்காது. குழந்தைக்கும் தூக்கம் போய்விடும், அவளுக்கும் கிரேன் போய்விடும். அவள் தானே குனிந்து இரண்டையும் மீட்டிப் பார்த்தாள்.

“இந்தப் புதுசு காதுல எறும்பு பூந்த மாதிரி இருக்கு. பழசுதான் சரி. இல்லண்ணா?”

தவறான சுருதிக்கு அஞ்சி ஒன்பது மாடி ஏறுகிற மனிதர் தங்கையின் முகத்தைப் பார்த்தார். தாடை ஒருமுறை இறுகித் தளர்ந்தது.

“ஆமாம்மா. என் தப்புதான். புதுசை அழிச்சுடுங்க மாப்ள.”

தையல்காரர் சட்டைக் கையாலேயே அழித்தார்.

திங்கட்கிழமை அவள் போனாள். அவள் வாசலுக்கும் தொட்டிலுக்குமாக நடந்துகொண்டே இருக்க, கடைசியில் அவர்தான் கதவைத் திறந்துவிட்டார். மத்தியானம் குழந்தைக்குக் கண் சொருகியது. அவர் பழைய கோட்டில் அழுத்தி மீட்டினார். ஒரு சிணுங்கல்கூட இல்லை, தூங்கிவிட்டது.

போன் அதிர்ந்தது. கிரேன் கூண்டிலிருந்து அவள்.

“தூங்கிட்டாளா?”

“தூங்கிட்டா.”

“கொஞ்சம்கூட அழலையா?”

தையல்காரர் தொட்டிலைப் பார்த்தார். கம்பியைப் பார்த்தார். “அழுதா. உன்னத்தான் தேடினா. ரொம்ப நேரம் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தா” என்றார்.

“அப்படியா” என்றாள் அவள். குரலில் நிம்மதி. “சரி, வெச்சுடறேன். கப்பல் நிக்குது.”