ரமோகாப்பியின் சாவுச் செய்தி

ரமோகாப்பி தன் சாவுச் செய்தியைத் தானே சொல்லி அனுப்பினார். தடியை ஊன்றி வேலிவரை வந்து, அந்தப் பக்கம் ஆட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மோலாட்சியைக் கூப்பிட்டார்.

"ஈமச் சங்கத் தலைவிக்குப் போன் போடு. ரமோகாப்பி போயிட்டான்னு சொல்லு."

"பெரியவரே, வெயில் மண்டைக்கு ஏறிடுச்சா?"

"வெயில் இல்லடா, பசி. போடு."

கால் தளர்ந்த பிறகு, தபால் நிலையத்தில் அவருடைய பென்ஷனை வாங்கிவருபவன் தங்கை மகன் ககிசானோ. அவன் கையில் அந்தப் பணம் முன்கூடத்துச் சோஃபாவாகவும் பெரிய டிவியாகவும் ஆனது. அவருக்குப் பின்னறை, தண்ணீர்க் கஞ்சி, நாற்றமடிக்கும் கம்பளி. தாய்மாமன் சொல்லே சபையில் கடைசிச் சொல் என்றிருக்கும் ஊரில் இந்தக் கதி. உறவினரிடம் முறையிட்டார். வந்தார்கள். சோஃபாவில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். "மாமா இப்பதான் கண் அசந்தார்" என்று ககிசானோ சொல்ல, எழுந்து போய்விட்டார்கள். விருந்தாளியின் எல்லை முன்கூடம். வீட்டின் கடைசி அறைவரை ஊரைக் கூட்டிவருவது சாவு ஒன்றுதான்.

ஊரில் சாவு விழுந்தால் காரியத்தை எடுத்துச் செய்யும் ஈமச் சங்கம் எப்படி இயங்கும் என்பது அவருக்கு அத்துப்படி. தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். செய்தி கிடைத்தால் வீட்டுக்காரனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். துக்க வீட்டில் யார் புத்தியும் நேராக இருக்காது என்பதால் அனுமதியும் கேட்பதில்லை. துக்கத்துக்கு வருபவர்கள் தரையில்தான் உட்கார வேண்டும். ஆகவே பெண்கள் முதலில் சாமான்களை முற்றத்துக்கு வெளியேற்றுவார்கள். ஆண்கள் கூடாரம் அடித்து அடுப்பில் அண்டா ஏற்றுவார்கள். அதன் பிறகுதான் செத்தவரின் அறையைத் திறப்பார்கள்.

அப்படியே நடந்தது. சோஃபா ஆட்டுப் புழுக்கைமேல் இறங்கியது. தலைவி, ஊரே மரியாதையாக 'ம்மா' என்றழைக்கும் காவோனே, பின்னறைக் கதவைத் தள்ளி, சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். கட்டிலில் பிணம் உட்கார்ந்திருந்தது.

"ஐயா... நீங்க சாகலையா?"

"இன்னும் இல்லம்மா. நீங்க வராம இருந்திருந்தா அடுத்த மாசம்."

அவள் கம்பளியைத் தூக்கினாள். முதுகுப் புண்ணைப் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்களும் ஒவ்வொருவராக எட்டிப் பார்த்தார்கள்.

"பொய்ச் சாவு சொன்னா ஒரு ஆடு அபராதம். அந்தச் சட்டம் போட்டதே நீங்கதான்" என்றாள் தலைவி.

"தர்றேன். என் பென்ஷன நீ வாங்கிட்டு வா, அதுலயே பிடிச்சுக்க."

பொழுது சாயும் நேரத்தில் டவுனிலிருந்து வந்த ககிசானோ, கூடாரத்தைப் பார்த்ததுமே "ஐயோ, என் மாமா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். அண்டாவைச் சுற்றி நின்ற கூட்டம் விலகி வழிவிட்டது. குளித்து, ம்மா காவோனேயின் புருஷன் சட்டையைப் போட்டுக்கொண்டு, சோஃபாவின் நடுவில் ரமோகாப்பி மாட்டிறைச்சி தின்றுகொண்டிருந்தார்.

"அழு, மருமகனே. நிறுத்தாத. நல்லாத்தான் இருக்கு."

அவன் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டுத் தலைவி பக்கம் திரும்பினான். "ம்மா, இது குடும்ப விஷயம். சாமானை உள்ள வைக்கச் சொல்லுங்க."

"நீயே தூக்கு" என்றாள் அவள். "உன் பேரைச் சங்கத்துலேர்ந்து இப்பதான் எடுத்தோம். இனி உன்னைத் தூக்கவும் இந்த ஊர்ல நாலு பேர் கிடையாது."

ககிசானோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். ஒருவரும் கைகொடுக்க வரவில்லை. சோஃபாவின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். அது அசையவில்லை, மாமா இறங்கவில்லை.

"கொஞ்சம் பொறு" என்றார் ரமோகாப்பி, தட்டை நீட்டி. "இன்னொரு துண்டு வைம்மா. கொழுப்பா இருக்கட்டும்."